மீண்டும் வாராமற் காத்தல்

சென்னை மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு என்னும் ஊர் உள்ளது. நிலத்துக்கும் கடலுக்கும் இடையே பரந்து கிடக்கும் உவர்நீர் ஏரி அவ்வூரின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி, இந்திய நாட்டின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. வங்கக் கடலினின்றும் ஏரியைப் பிரித்து நிற்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. 1613ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். அக்கோட்டை இன்று இல்லை; அவர்தம் கல்லறைகள் மட்டும் உள்ளன. கோட்டை இருந்ததை நினைவூட்டும் பெயருடைய கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களில் மீனவர் வாழ்கின்றனர். ஏரியில் மீன் பிடிக்கும் இடங்களைச் சண்டையின்றிப் பகிர்ந்துகொள்ள அவர்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வர். அம்முறைக்குப் ‘பாடு’ என்று பெயர்.

ஆடவர் வலையொடு செல்ல, பெண்டிர் மீனைத் தரம் பிரித்தலும், உலர்த்துதலும், கூடையில் சுமந்து சென்று விற்றலும் செய்வர். ஆழங்குறைந்த இடங்களில் இருளர் குடிப் பெண்கள் நீரில் இறங்கி, பறியின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதும் உண்டு. கலங்கிய நீரில் கண் காணாததை அவர் விரல் காணும். இறால் எது, சிப்பி எது, கல் எது என்பதைத் தொட்ட அளவிலே அறியும் விரல் அது.

மார்பகத்தில் தோன்றும் கட்டியையும் பெரும்பாலும் முதலில் அறிவது பெண்ணின் விரலே ஆகும். ஆயினும் அக்கட்டி தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலியாத ஒன்றுக்காக ஒரு நாள் விற்பனையை விட்டு மருத்துவமனைக்குச் செல்ல ஏழைப் பெண்ணின் மனம் இசையாது. பிறரிடம் கூற நாணமும் தடுக்கும். திங்கள் சில கடந்து, கட்டி பெருத்துத் தோல் சுருங்கிய பின்னரே பலர் மருத்துவரிடம் வருகின்றனர். இது பழவேற்காட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. நாடு முழுவதும் காணப்படுவதே. எனினும் நாள்தோறும் ஈட்டி நாள்தோறும் உண்ணும் மீனவக் குடும்பங்களில் இக்காலத்தாழ்ச்சி மிகக் கொடியது.

சென்னை அடையாற்றில் உள்ள புற்றுநோய் மருத்துவ நிலையம் ஒரு துயரத்தினின்றும் பிறந்ததாகும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை சுந்தராம்பாள் 1923ஆம் ஆண்டில் புற்றுநோயால் இறந்தார். இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அன்று தமக்கையின் உள்ளத்தில் வேரூன்றியது. அது நிறைவேற முப்பது ஆண்டுகள் ஆயின. 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. முத்துலட்சுமியின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் அங்குப் பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனைப் பேணி வளர்த்தனர். சாந்தா அம்மையார் 2021இல் மறையும் வரை அந்நிலையத்தையே தம் இல்லமாகக் கொண்டு வாழ்ந்தார். புற்றுநோய் தீராத நோய் என்று கற்றோரும் கருதிய காலத்தில், வறியவர்க்கும் மருத்துவம் உண்டு என்று காட்டியது அந்நிலையம். 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னை நகரின் புற்றுநோயாளர் கணக்கையும் அது எழுதி வருகிறது. அப்பதிவேட்டில் முன்னாளில் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடம் பெற்றிருந்தது. அது படிப்படியாகக் குறைய, மார்பகப் புற்றுநோய் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

தொடக்கத்திலேயே கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுநோயை அறுவை, கதிர், மருந்து ஆகிய மூன்றின் துணையால் பெரும்பாலும் வெல்லலாம். ஆனால் அந்நோய்க்கு மற்றொரு தீய இயல்பு உண்டு. கட்டி நீங்கியது, புண் ஆறியது, பெண் மீண்டும் தன் தொழிலுக்குத் திரும்பினாள் என்று அனைவரும் மகிழ்ந்திருக்கும் வேளையில், அது எலும்பிலோ நுரையீரலிலோ ஈரலிலோ மூளையிலோ மறுபடியும் தலைகாட்டக் கூடும். சிலருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் மீளும். வேறு சிலருக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் மீளும்.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? பழவேற்காட்டு மீனவர் அறிந்த ஒரு செய்தியைக் கொண்டே இதனை விளக்கலாம். ஏரி கடலொடு கலக்கும் வாயிலை முகத்துவாரம் என்பர். அது திறந்திருந்தால்தான் கடல்நீரும் இறாற்குஞ்சுகளும் ஏரிக்குள் வரும். படகுகள் கடலுக்குச் செல்லும். அலைகள் கொணரும் மணல் அவ்வாயிலை அடிக்கடி தூர்த்துவிடும். மணலை வாரி அப்புறப்படுத்தினால் வாயில் திறக்கும். அடுத்த பருவத்தில் மீண்டும் மூடிக்கொள்ளும். ஏனெனில் வாரப்பட்டது திரண்டு நின்ற மேடு. நீரில் கண்ணுக்குத் தெரியாமல் மிதந்து வரும் மணலை எவரும் வாரவில்லை. இதனாலேயே அண்மை ஆண்டுகளில் இருபுறமும் கல்லால் தடுப்புச் சுவர் அமைத்து முகத்துவாரத்தை நிலையாகக் காக்கும் பணியை அரசு மேற்கொண்டது.

அறுவை மருத்துவமும் திரண்ட மேட்டை அகற்றுவதே ஆகும். கட்டி அகற்றப்படுவதற்கு முன்னரே அதனின்று பிரிந்த சில உயிரணுக்கள் குருதியின் வழியே சென்று தொலைவில் தங்கியிருக்கலாம். அவை எந்த நிழற்படத்திலும் புலப்படா. ஆண்டுக்கணக்கில் வளராமல் உறங்கிக் கிடந்து, பின்னர் ஒரு நாள் விழித்துப் பெருகத் தொடங்கும். எக்காரணத்தால் விழிக்கின்றன என்பது இன்னும் முழுதும் விளங்கவில்லை. கதிரும் மருந்தும் அவற்றுட் பலவற்றை அழிக்கின்றன. டமாக்சிபென் போன்ற மாத்திரைகளை ஐந்து முதல் பத்து ஆண்டு உட்கொள்வதால் சிலவகைப் புற்று மீள்வது பெரிதும் குறைகிறது. எனினும் எல்லோருக்கும் நோய் மீள்வதை மருந்தால் தடுக்க இயலவில்லை. உடலிலேயே ஒரு காவலை நிறுவி, அவ்வணுக்கள் விழிக்கும்போதெல்லாம் அவற்றைப் பிடிக்கச் செய்தல் இயலாதா என்று அறிவியலார் வினவினர். அவ்வினாவுக்கு விடையாகத் தேடப்படுவதே புற்று மீளாமற் காக்கும் தடுப்பூசி.

தடுப்பூசி என்றவுடன் பெரியம்மைக்கு அம்மை குத்தியது நினைவுக்கு வரும். பகைவன் வருமுன் அவன் உருவத்தைக் காவலருக்குக் காட்டி வைப்பது போன்றது அது. உடலிலுள்ள வெள்ளணுக்களே அக்காவலர். ஒரு முறை கண்ட பகையை அவை மறவா. இவ்வழியில் உலகமே முயன்றதால் பெரியம்மை ஒழிந்தது என்று 1980இல் அறிவிக்கப்பட்டது. ஈரலில் புற்றை விளைவிக்கும் மஞ்சட்காமாலைக் கிருமிக்கும், கருப்பைவாயில் புற்றை விளைவிக்கும் கிருமிக்கும் இன்று தடுப்பூசிகள் உள்ளன. இவையும் கிருமியைத் தடுத்து, அதன் வாயிலாகப் புற்றைத் தடுப்பவையே.

மார்பகப் புற்றின் நிலை வேறு. அதனை வெளியிலிருந்து வந்த கிருமி விளைவிப்பதாக அறியப்படவில்லை. அது உடலின் சொந்த உயிரணு நெறி தவறியதால் விளைவது. அயலூர்த் திருடனைப் பிடிக்கும் காவலர், வீட்டிலேயே பிறந்து கெட்டவனை எங்ஙனம் அறிவர்? தன் உடலைத் தானே தாக்கலாகாது என்று காவலணுக்கள் பயின்றிருத்தலால், புற்றணுவைக் கண்டும் அவை வாளா இருந்துவிடுகின்றன. அவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் ஒன்றைக் கண்டுபிடித்தால் அன்றித் தடுப்பூசி செய்தல் இயலாது.

இத்துறையில் முதன்முதலாகப் பெரும்பயன் தந்தது புதிய மருந்து எதுவும் அன்று. காசநோய்க்கென ஆக்கப்பட்ட பழைய பி.சி.ஜி. ஊசியே அது. பிரெஞ்சு நாட்டு அறிஞர்களான கால்மெட், கெரான் என்னும் இருவர் ஆக்கிய இம்மருந்து 1921இல் முதன்முதலாக மனிதருக்கு அளிக்கப்பட்டது. இந்தியாவில் இதனை ஆக்கும் கூடம் 1948இல் சென்னைக் கிண்டியில் நிறுவப்பட்டது. பழவேற்காடு இன்று அடங்கியுள்ள திருவள்ளூர் மாவட்டத்துக்கும் இம்மருந்தின் வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவள்ளூரைச் சூழ்ந்த ஊர்களில், 1968ஆம் ஆண்டில் பி.சி.ஜி. ஊசியைப் பற்றிய மாபெரும் ஆய்வு ஒன்று தொடங்கிற்று. ஏறத்தாழ 2,60,000 மக்கள் அதில் பங்கு பெற்றனர். ஒரு பகுதியினர்க்கு மருந்தும், மற்றொரு பகுதியினர்க்கு மருந்தற்ற வெறும் நீர்மமும் செலுத்தப்பட்டன. எவர்க்கு எது சென்றது என்பது ஊசி இட்டுக்கொண்டவர்க்கும் தெரியாது, இட்டவர்க்கும் தெரியாது. மருந்தைப் பற்றிய நம்பிக்கை கணக்கைக் கெடுத்துவிடலாகாது என்பதற்காகவே இவ்வாறு செய்தனர். பின்னர்ப் பணியாளர் பன்முறை வீடு வீடாகச் சென்று, எவருக்கு நோய் வந்தது, எவருக்கு வரவில்லை என்று எழுதினர். ஏழரை ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது பலரும் திகைத்தனர். வயது வந்தோருக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி அங்குத் தடுக்கவே இல்லை. பதினைந்து ஆண்டுக் கணக்கும் அதையே கூறியது. உலகம் நம்பியிருந்த ஒன்றைப் பொய்யாக்கிய அம்முடிவை ஆய்வாளர் மறைக்கவில்லை, அவ்வாறே வெளியிட்டனர். குழந்தைகளைக் கொல்லும் மூளைக்காசம் போன்ற கொடிய வகைகளைத் தடுப்பதற்காகப் பி.சி.ஜி. இன்றும் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. ஆயினும் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்கள் நெல் வயலிலும் நெசவுக்கூடத்திலும் உழைத்த இவ்வட்டாரத்து மக்களே. மருத்துவ நூல்களில் அவர் பெயர்கள் இல்லை. எண்ணிக்கை மட்டும் உண்டு.

நுரையீரலில் எதிர்பார்த்த பயனைத் தராத அதே பி.சி.ஜி., எவரும் எதிர்பாராத மற்றோர் இடத்தில் பயன் தந்தது. கானடா நாட்டு மருத்துவர் மொராலிஸ், சிறுநீர்ப்பையின் உட்புறத் தோலில் புற்று உண்டாகி மீண்டும் மீண்டும் முளைத்துவந்த 9 நோயாளருக்கு அம்மருந்தைக் குழாய் வழியே சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்த்தார். அதன் விளைவை 1976இல் வெளியிட்டார். புற்று மீள்வது குறைந்திருந்தது. பின்னர் நிகழ்ந்த பேராய்வுகளும் இதனை உறுதி செய்தன. இன்று உலகெங்கும் இது வழக்கமான மருத்துவமாகிவிட்டது. அம்மருந்து புற்றணுவின் அடையாளத்தைக் காவலணுக்களுக்குக் கற்பிப்பதில்லை. உறங்கிய காவலரை ஆரவாரம் செய்து எழுப்பிவிடுகிறது. எழுந்த காவலர் புற்றணுவையும் கண்டு தாக்குகின்றனர். புற்று மீள்வதை உடலின் காவலைக் கொண்டே தடுக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

மார்பகத்துக்கு இவ்வாறு வெறும் ஆரவாரம் போதாது. சிதறிய அணுக்கள் உடலெங்கும் இருப்பதால், அடையாளம் காட்டியே ஆக வேண்டும். ஹெர்-2 என்னும் புரதம் ஓர் அடையாளமாகக் கிடைத்தது. மார்பகப் புற்றுநோயாளருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடம், புற்றணுவின் மேற்புறத்தில் இப்புரதம் அளவுக்கு மீறி நிறைந்திருக்கும். அதனைத் தாக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து 1998இல் அமெரிக்க நாட்டில் ஒப்புதல் பெற்று, பல்லாயிரம் பெண்களின் உயிரைக் காத்தது. அம்மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறையேனும் செலுத்திக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு மாறாக, அப்புரதத்தின் சிறு துண்டு ஒன்றைத் தோலுக்குள் செலுத்தி, உடலே அதற்கு எதிராகப் படை திரட்டுமாறு செய்யலாம் அன்றோ?

ஒன்பதே அமினோ அமிலங்களைக் கொண்ட இ-75 என்னும் துண்டு முதலில் சோதிக்கப்பட்டது. சிறு ஆய்வுகள் நம்பிக்கை ஊட்டின. ஆகவே அறுவையும் மருந்தும் முடிந்து நலமாயிருந்த 758 பெண்களைக் கொண்டு பேராய்வு நடத்தினர். திருவள்ளூரில் நிகழ்ந்தது மீண்டும் நிகழ்ந்தது. ஊசி பெற்றோர்க்கும் பெறாதார்க்கும் நோய் மீள்வதில் வேறுபாடு காணப்படாமையால், 2016ஆம் ஆண்டில் அவ்வாய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. அம்முயற்சியில் ஈடுபட்டோர்க்கு அது பேரிழப்பாகும். எனினும் பயனற்ற ஊசியைப் பல்லாயிரம் பெண்கள் நம்பியிருந்து, தேவையான மருத்துவத்தைக் கைவிடும் நிலை வாராமற் போயிற்று.

அதே புரதத்தின் மற்றொரு துண்டுக்கு ஜிபி-2 என்று பெயர். அதுவும் ஒன்பது அமினோ அமிலங்களைக் கொண்டதே. வெள்ளணுக்களைத் தூண்டும் மருந்தொன்றைக் கலந்து, 180 பெண்களிடையே அது சோதிக்கப்பட்டது. எல்லோரையும் சேர்த்துப் பார்க்கையில் உறுதியான வேறுபாடு தோன்றவில்லை. ஆனால் ஹெர்-2 மிகுதியாக இருந்து, டிராஸ்டுசுமாபும் பெற்றிருந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, ஊசி பெற்ற 46 பேருள் ஐந்தாண்டு வரை ஒருவருக்கும் நோய் மீளவில்லை. பெறாத 50 பேருள் சிலருக்கு மீண்டிருந்தது. இச்செய்தி மகிழ்ச்சி தருவது. ஆயினும் கணக்கறிந்தோர் இதனைக் கொண்டு வெற்றி முழக்கம் செய்யார். ஒரு நாள் ஒரு வலையில் மீன் மிகுந்ததால் அவ்விடமே சிறந்த பாடு என்று எந்த மீனவரும் முடிவு செய்வதில்லை. ஆதலால் 2022ஆம் ஆண்டில் ஜிபி-2 ஊசிக்கெனப் பேராய்வு ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் ‘பிளமிங்கோ-01’. பிளமிங்கோ என்பது பூநாரை. ஆண்டுதோறும் பனிக்காலத்தில் பழவேற்காட்டு ஏரியில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும் அதே பறவை. பெயரிட்டவர் இவ்வேரியைக் கருதியிருக்க மாட்டார். எனினும் இப்பெயர்ப் பொருத்தம் கேட்க இனியதே.

ஹெர்-2 மிகாத புற்றுக்களும் பல உண்டு. அவற்றுள் கொடியது, மருந்துகள் குறிவைக்கும் மூன்று அடையாளங்களும் காணப்படாத வகை. அதற்கு அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து மருத்துவமனை அறிஞர் வின்சென்ட் டுவோகி கண்ட வழி மிக நுட்பமானது. தாய்ப்பாலில் ஒரு புரதம் உண்டு. குழந்தைக்குப் பாலூட்டும் காலம் கழிந்தபின் உடல் அதனை ஆக்குவதில்லை. ஆனால் அக்கொடிய வகைப் புற்றணுக்களுட் பல, ஓய்வு பெற்ற அப்புரதத்தைக் காலமல்லாக் காலத்தில் மீண்டும் ஆக்குகின்றன. பாலூட்டும் பருவம் கடந்த பெண்ணின் உடலில் அது காணப்படின், அதனை ஆக்குவது பகையே என்று காவலணுக்களுக்குக் கற்பிக்கலாம் என்று அவர் கருதினார். எலிகளில் பெற்ற பயனை 2010இல் வெளியிட்டார். பெண்களிடையே முதல் ஆய்வு 2021இல் தொடங்கியது. நோயினின்று மீண்ட பெண்களும் அதில் ஊசி பெற்றனர். பெரும்பாலோர் உடலில் காவலணுக்கள் விழித்தெழுந்தமை காணப்பட்டது. விழித்த காவலர் நோய் மீள்வதைத் தடுப்பரோ என்பது வேறு வினா. அதற்கு விடை காணப் பேராய்வு வேண்டும். டுவோகி 2023இல் மறைந்தார்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய முயற்சி நிகழாமல் இல்லை. அடையாறு நிலையத்தின் ஆய்வாளர்கள், கருப்பைவாய்ப் புற்றுநோயாளர் சிலரின் குருதியிலிருந்தே வெள்ளணுக்களை எடுத்து, பகையை அடையாளம் காட்டும் அணுக்களாக ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அவர்களுக்கே மீண்டும் செலுத்திப் பார்த்தனர். அச்சிறு ஆய்வின் விவரம் 2014இல் வெளியாயிற்று. 12 படுக்கைகளோடு தொடங்கிய இடத்தில் இது நடைபெற்றது என்பது எண்ணத் தக்கது.

அயல்நாட்டில் வென்ற ஊசியை அப்படியே இங்குக் கொணர்ந்து போட்டால் போதாதா என்று ஐயுறலாம். போதாது. ஒவ்வொருவர் உயிரணுவின் மேற்புறத்திலும் புரதத் துண்டுகளை ஏந்திக் காவலணுக்களுக்குக் காட்டும் தட்டுப் போன்ற அமைப்பு உண்டு. அத்தட்டின் வடிவம் மக்களுக்கு மக்கள் வேறுபடும். இ-75, ஜிபி-2 ஆகியவை ஒருவகைத் தட்டுக்குப் பொருந்துமாறு தேர்ந்தெடுக்கப்பட்ட துண்டுகள். அவ்வகைத் தட்டு எல்லா நாட்டு மக்களிடமும் ஒரே அளவில் இல்லை. மடவை மீனுக்கென முடைந்த வலைக்கண்ணில் இறால் நில்லாது நழுவிவிடும் என்பதைப் பழவேற்காட்டுச் சிறுவரும் அறிவர். ஆகவே இந்நாட்டுப் பெண்களுக்கு எந்தத் துண்டு பொருந்தும் என்பதை இந்நாட்டுப் பெண்களிடையே ஆய்ந்துதான் அறிய முடியும். அத்தகைய ஆய்வில் ஒரு மீனவப் பெண் சேர்வாளாயின், தனக்குச் செலுத்தப்பட்டது மருந்தா வெறும் நீர்மமா என்பதை அறியாமலே அவள் ஆண்டுக்கணக்கில் சென்னைக்கு வந்து செல்ல வேண்டும். அதற்கான செலவையும் இழந்த கூலியையும் எவர் ஈடு செய்வர் என்பது, ஊசியை ஆக்குவதைப் போலவே விடை காண வேண்டிய வினா.

மார்பகப் புற்று மீளாமற் காக்கும் தடுப்பூசி எதுவும் பொதுமக்கள் பயனுக்கு இன்னும் வரவில்லை. அத்தகைய ஊசி தம்மிடம் இருப்பதாகக் கூறிப் பொருள் பறிப்போர் எந்த ஊரிலும் தோன்றக் கூடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்கின்றனர். மருத்துவம் முடிந்த பெண்கள் முதற்சில ஆண்டுகளில் சில திங்களுக்கு ஒரு முறையும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். மற்ற மார்பகத்தையும் ஆண்டுதோறும் நிழற்படம் எடுத்துப் பார்க்க வேண்டும். மாத்திரை தரப்பட்டவர்கள், உடல் நலமாயிருக்கிறதே என்று அதனை இடையில் விட்டுவிடலாகாது. விட்டவர்களுக்கு நோய் மீள்வது மிகுதி என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியாயிற்று. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி சென்று, அங்கிருந்து இரயிலேறிச் சென்னை மருத்துவமனையில் வரிசையில் நின்று மருத்துவரைக் கண்டு திரும்ப ஒரு பகல் முழுதும் ஆகும். அந்நாளில் விற்க வேண்டிய மீனை அண்டை வீட்டாரோ உறவினரோ தம் கூடையொடு சேர்த்துச் சுமந்து சென்று விற்றுக் கொடுத்தால், அவள் அடுத்த முறையும் தவறாமல் செல்வாள்.